முதல் மூன்று நாள் சூடு

ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரிலும் தொழுவத்தில் நிற்கும் ஜெர்சிக் கலப்பின மாட்டின் உடம்புக்குள் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆய்வகத்தில் மாட்டுக் கருவை வளர்க்கும் இன்குபேட்டரிலும் பெரும்பாலும் அதே 38.5 தான். மனிதக் கருவுக்கு வைக்கும் 37 இதற்குப் போதாது.

முட்டை முதிர ஒரு நாள், விந்தணுவோடு சேர ஏறக்குறைய இன்னொரு நாள், பிறகு ஏழெட்டு நாள் வளர்ப்பு. இத்தனை நாளில் இன்குபேட்டர் எப்போது பழுதானாலும் கெடுதல் ஒரே அளவு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

புதிதாக உருவான கரு, தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் பிழைக்கிறது. தேவையான புரதங்களும், அவற்றைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வும் அங்கிருந்தே வருகின்றன. கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்குவது 8 முதல் 16 செல் ஆகும்போது, அதாவது மூன்றாம் நாள் வாக்கில். அதற்கு முன் 41 டிகிரியில் சில மணி நேரம் இருந்தால், உருக்குலையும் புரதங்களைச் சீர்செய்யவும், பெருகும் ஆக்சிஜன் நச்சுகளை அடக்கவும் கருவால் சரிவர முடியாது. பல கருக்கள் அங்கேயே நின்றுவிடும். ஐந்தாறு நாள் கரு அதே சூட்டை நன்றாகவே தாங்கும்.

குளிரும் கெடுதல்தான், குறிப்பாக முட்டைக்கு. குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்கோல் இழைகள் குளிர்ந்தால் கரைந்துபோகும். மறுபடி சூடாகும்போது அவை திரும்பவும் உருவாகலாம், ஆனால் குரோமோசோம்கள் தப்பாகப் பங்கிடப்படும் ஆபத்து உண்டு. கரு கிடப்பது ஒரு சின்னத் துளி திரவத்தில். மைக்ரோஸ்கோப்புக்கு எடுத்துப் போகும் சில நிமிடங்களிலேயே அது ஆறிவிடும். அதனால் மலை ஊரில் சூடேற்றிய மேடை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியில் வைக்கும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடை இங்கே கூட்டி வைக்காவிட்டால் வளர்ப்புத் திரவத்தில் கரையும் வாயு குறைந்து காரத்தன்மை ஏறிவிடும்.

சித்திரை வெயிலில் சமவெளி மாட்டின் உடல்சூடு 40ஐத் தாண்டும்போது, சினை ஊசி போட்டும் நிற்பதில்லை என்று விவசாயிகள் வருந்துவதற்கு அந்த முதல் மூன்று நாள் ஒரு பெரிய காரணம். ஏழு நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்தால் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் சினைப்பையில் வளரும் முட்டையையும் வெயில் கெடுக்கும். அதனால் முட்டையை நீலகிரி மாட்டிடமிருந்து எடுத்து, வளர்ந்த கருவைச் சூடு குறையாத பெட்டியில் மலையிறக்குவதே நல்லது என்பது என் எண்ணம்.