பைன் புஷ் காட்டில் ஜியோகேச் வைக்கப் போகிறீர்களா? முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள்

ஒருவர் மறைத்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். தேடிச் செல்பவர் பாதையை விட்டு விலகாமல் போய்வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அலைச்சல் முழுவதும் டப்பாவை வைக்க விரும்புபவருக்குத்தான். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பைன் புஷ் காப்பகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1988-இல் மாநிலச் சட்டத்தால் உருவான ஓர் ஆணையம் அதை நிர்வகிக்கிறது என்பதற்கு மேல் அதன் வரலாறு உங்களுக்குத் தேவைப்படாது.

விளையாட்டின் இணையதளத்தில் உங்கள் டப்பா வெளியாகிவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்குள்ள தன்னார்வலர்கள் அருகிலிருக்கும் டப்பாவுக்கும் உங்களுடையதற்கும் 161 மீட்டர் இடைவெளி இருக்கிறதா என்பது போன்றவற்றைப் பார்ப்பார்களே தவிர, நிலத்துக்கு உரிமையாளர்கள் அல்லர். வேறோர் ஊரின் காட்டில் முறையாகப் பதிவாகியிருந்த டப்பாவைக் கேட்பாரற்ற குப்பை என்று அள்ளிச் சென்றதையும், அதை வைத்தவர் விசாரிக்கப் போனபோது மேசைக்கு மேசை அனுப்பப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

பைன் புஷ் ஒரே பெயரில் வழங்கினாலும் ஒரே உடைமையன்று. மாநிலம், ஆல்பனி நகரம், கொலோனி, கில்டர்லேண்ட் ஊராட்சிகள், நேச்சர் கன்சர்வன்சி என்ற தனியார் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு எனப் பலருடைய துண்டு நிலங்கள் சேர்ந்ததே அந்தக் காப்பகம். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் நிலத்தில், வைத்தவரின் பெயரும் முகவரியும் டப்பாவின் மேல் இருந்து, மரத்துக்கும் இடத்துக்கும் சேதம் இல்லாமல் இருந்தால் ஜியோகேச் வைக்கலாம் என்று விதி சொல்கிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் மாநிலம் முழுவதற்கும் இதுவே விதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். மாநிலப் பூங்காக்களில் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஊராட்சி நிலத்தில் ஊராட்சி சொல்வதுதான் செல்லும். பெயர் என்றால் உங்கள் உண்மையான பெயர். விளையாட்டில் வைத்துக்கொண்ட புனைபெயர் போதாது.

ஆகவே "இங்கே வைக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "அது எங்கள் நிலம் இல்லை" என்ற ஒரே பதிலில் கதவு சாத்தப்படும். வரைபடத்தில் இடத்தைக் குறித்து, ஜிபிஎஸ் எண்களையும் சேர்த்து, அந்தப் புள்ளி யாருடைய நிலம் என்பதை முதலில் ஆணையத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். அனுமதியை அதன் பிறகு உரியவரிடம் கேட்கலாம். தொலைபேசியில் கிடைத்த "சரி, வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை நம்ப வேண்டாம். சொன்னவர் மாற்றலாகிப் போன பிறகு அப்படி ஒருவர் சொன்னதாகவே யாருக்கும் நினைவிருக்காது.

அனுமதி கைக்கு வந்த பிறகும் நெருப்பு இருக்கிறது. பிட்ச் பைனும் குட்டை ஓக்கும் அவ்வப்போது எரிந்து தழைக்கும் காடு இது. நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கிறது. காற்றும் ஈரப்பதமும் ஒத்துவரும் நாளில்தான் எரிப்பு நடக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாகத் தகவல் வரும் என்று காத்திருக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பா உருகிக் குறிப்பேட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரும்புப் பெட்டி தப்பினாலும் உள்ளிருக்கும் தாள் கருகலாம். நீங்கள் தேர்ந்த பகுதி இந்த ஆண்டு எரிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அனுமதி கேட்கும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 1992 முதல் அழியும் உயிரினங்களுக்கான கூட்டாட்சிப் பட்டியலில் இருக்கும் கார்னர் நீலப் பட்டாம்பூச்சியின் புழு, காட்டு லூப்பின் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. ஒரே காம்பிலிருந்து விரல்களைப் போல் விரியும் சிற்றிலைகளைக் கண்டால் அந்தப் பக்கம் வேண்டாம். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறாகவே காட்டும். தேடி வரும் ஒவ்வொருவரும் அந்தச் சுற்றளவு முழுவதையும் மிதிப்பார்கள். எனவே பாதையிலிருந்து கை எட்டும் தூரத்தில் வையுங்கள். நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றிக் குழி தோண்டிப் புதைப்பதை இணையதளத்தின் விதியே தடுக்கிறது.

எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால், டப்பாவே தேவைப்படாமல், வருபவரை ஓர் இடத்தின் நில அமைப்பைப் பார்க்க வைக்கும் எர்த்கேச் ஒன்றைப் பதிவு செய்யப் பாருங்கள். பனியுகத்து ஆல்பனி ஏரி விட்டுச்சென்ற மணல்மேடுகள் அதற்கு நல்ல பொருள். அதற்கும் நில நிர்வாகியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.