வானம் தெளிவு, கப்பல் புறப்படாது

ஆகஸ்ட் மாதக் காலை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் வானத்தில் ஒரு மேகம் கிடையாது. துறைக்குள் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது. ஆனால் தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரிகள் எதுவும் நகரவில்லை. பெட்டிகளோடு ஜனங்கள் நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் 'அபகொரெஃப்திகோ' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். பலத்த காற்றுக்காகக் கப்பல்களுக்குப் போடும் புறப்பாட்டுத் தடை அது. இவ்வளவு அமைதியான தண்ணீரில் ஏன் தடை? காரணத்தில் பாதி காற்றில் இருக்கிறது. மீதிப் பாதி, இந்தக் கப்பல்கள் கரை சேரும் விதத்தில் இருக்கிறது.

காற்றின் பெயர் மெல்தெமி. ஜூலை, ஆகஸ்டில் பால்கன் பகுதியின் மேல் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும். கிழக்கே துருக்கியின் மேல் குறைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏஜியன் கடல் மீது வடக்கிலிருந்து தெற்காகக் காற்று பாய்கிறது. அந்தத் துருக்கித் தாழ்வு தனியானதல்ல. நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்து வருகிற பெரிய தாழ்வழுத்தப் பரப்பின் மேற்கு வால் அது. கேரளத்தில் மழை கொட்டும் பருவத்திலேயே ஏஜியனில் காற்று ஊளையிடுவது தற்செயல் இல்லை. அங்கே அது வறண்ட காற்று, அதனால்தான் வானம் அவ்வளவு நீலம்.

வடக்கே நிலம் மறைப்பதால் பிரேயஸில் அதன் வேகம் தெரிவதில்லை. எவியா, ஆண்ட்ரோஸ் தீவுகளுக்கு நடுவே கவோ டோரோ என்றொரு நீரிணை உண்டு. இருபக்கமும் மலை. புனலில் ஊற்றிய தண்ணீர் போலக் காற்று அங்கே நெருக்கிக்கொண்டு பாயும்.

சரி, நூற்றைம்பது மீட்டர் நீளக் கப்பலுக்கு அலை பெரிய விஷயமா? நடுக்கடலில் பெரும்பாலும் சமாளித்துவிடும். கஷ்டம் கடைசி இருநூறு மீட்டரில்தான்.

கிரேக்க ஃபெர்ரிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் அணைந்து நிற்பதில்லை, பின்பக்கமாக வந்து சேர்கின்றன. கரைக்குச் சற்றுத் தள்ளியே நங்கூரத்தைப் போட்டு, திரும்பி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வரும். கரையில் நிற்பவர்கள் வடங்களை வாங்கி மாட்டுவார்கள். பின்கதவு சாய்தளமாக இறங்கும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் கதாபெல்திஸ். பழங்காலப் போரில் கல்லெறிந்த பொறிக்கும் அதே பெயர்தான். லாரிகள் நேரே உருண்டு வெளியே வரும். ஒரு கப்பலுக்கு அதன் அகலம் அளவுக்குக் கரை இருந்தால் போதும். சின்னத் தீவுகளில் சில நிமிடங்களில் ஆட்களை இறக்கி, ஏற்றி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஏஜியனில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, மிகக் குறைவு என்பதால்தான் இந்த ஏற்பாடே சாத்தியமாகிறது என்பது. இங்கிலாந்தின் டோவரில் கடல்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், கூடவே ஏறி இறங்கும் பாலங்களைக் கட்ட வேண்டியிருக்கிறது. இங்கே வெறும் சிமெண்ட் மேடையே போதும்.

இதன் பலவீனம் பக்கக் காற்று. நீளம் 150 மீட்டர், தண்ணீருக்கு மேல் உயரம் 20 மீட்டர் என்றால், கப்பலின் பக்கம் 3000 சதுர மீட்டர் கப்பல்பாய் போலத்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதை ஏறக்குறைய 18 டன் விசையோடு தள்ளும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 70 டன்னுக்கு மேல். நொடிக்கு 20 மீட்டர் என்ற அந்த வேகம், காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8. பெரிய ஃபெர்ரிகளுக்குப் பொதுவாகத் தடை வருவதும் அங்கேதான். வேகப் படகுகளுக்கு முன்னதாகவே வந்துவிடும். முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளச் சிறிய புரொப்பெல்லர்கள் உண்டு. ஆனால் அவற்றின் பலத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் காற்று வென்றுவிடும்.

நடுக்கடலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1966 டிசம்பர் 8 அன்று, கிரீட்டிலிருந்து பிரேயஸுக்குப் புயலில் வந்த ஹெராக்லியான் என்ற ஃபெர்ரியில் ஒரு லாரி கட்டவிழ்ந்து பக்கக் கதவை மோதித் திறந்துவிட்டது. தண்ணீர் உள்ளே புகுந்து கப்பல் மூழ்கியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கூட்டத்தோடு காத்திருந்து அலுத்துப்போகும்போது, இதை நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம், தீவுகளுக்குக் கப்பல் பிடிக்கிறவர்கள் எங்கே தங்குவது என்பது பற்றி. காலை ஏழு மணிவாக்கில் புறப்படும் கப்பல் என்றால் முந்தின இரவே பிரேயஸில் தங்குவது நல்லது. மெல்தெமி பிற்பகலில் வலுப்பதால் காலைப் பயணம் பெரும்பாலும் சற்று இதமாகவும் இருக்கும். துறைமுகம் மிகப் பெரியது. வாயில்களுக்கு ஈ-1, ஈ-2 என்று எண்கள் உண்டு. மெட்ரோ நிலையத்தில் இறங்குபவருக்கு ஈ-1 நல்ல தூரம், ஆகவே வாயில் எண்ணைப் பார்த்த பிறகு அறை தேடுங்கள். ஆண்ட்ரோஸ், தினோஸ், மிக்கனோஸ் போகிறவர்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ரஃபீனா துறைமுகமும் இருக்கிறது. துறையைப் பார்த்த ஜன்னல் கிடைத்தால், கப்பல் வரும்போது எல்லோரும் பார்க்கும் பின்கதவை விட்டுவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். நங்கூரச் சங்கிலி விறைத்து நீண்டிருக்கும். கப்பல் புறப்படும்போது அது சேறு சொட்டச் சொட்ட மேலே ஏறும்.