ட்ரையாஜ்: காயம்பட்டவரை வரிசை பிரித்தல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடம் பிரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். வருகிறவரை யார் எந்த நிறத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் வேலைக்குப் பெயர்தான் ட்ரையாஜ். தேனிப் பக்கத்துச் செவிலியர் சிலர் 'ட்ரையேஜ்' என்பார்கள். மலை ஏறிக் குமுளி தாண்டிவிட்டால் மலையாளத்திலும் அதே சொல்தான். பேரிடர்ப் பயிற்சி என்று யார் வந்து வகுப்பு எடுத்தாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் இந்தச் சொல் வந்துவிடும். ஆனால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும்.

முதலில் பொருள். ஒரே நேரத்தில் காயம்பட்டவர்கள் பலர். கைவசம் இருக்கும் ஆட்களும் வண்டிகளும் கட்டில்களும் குறைவு. அந்த நேரத்தில் யாரை உடனே பார்க்க வேண்டும் (சிவப்பு), யார் கொஞ்சம் பொறுக்கலாம் (மஞ்சள்), யார் நெடுநேரம் பொறுக்கலாம் (பச்சை) என்று விரைந்து பார்த்துப் பிரிப்பதே ட்ரையாஜ். இது நோயைக் கண்டறிவது ஆகாது, சிகிச்சையும் ஆகாது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. எலும்பு எங்கே முறிந்தது என்று ஆராயத் தொடங்கினால் பக்கத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பவர் போய்விடுவார்.

'ட்ரை' என்று தொடங்குவதால் மூன்றாகப் பிரிப்பது என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. பிரெஞ்சில் 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரித்தல். அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. மூன்று என்ற எண்ணுக்கும் இதற்கும் உறவு இல்லை. களத்தில் காயம்பட்டவர் கையில் கட்டும் அட்டைகளே, கருப்பும் சேர்த்து, நான்கு நிறம்.

மருத்துவத்துக்கு வருவதற்கு முன் இது சரக்குச் சொல். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கம்பளி மயிரைத் தரவாரியாகப் பிரிப்பதற்குப் புழங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி வணிகத்துக்குப் போனது. அங்கே நல்ல கொட்டை, நடுத்தரக் கொட்டை எல்லாம் எடுத்தபின் மிஞ்சுகிற உடைந்த, மட்டமான கொட்டைக்கே ட்ரையாஜ் என்று பெயர் இருந்தது.

இதைப் போடிநாயக்கனூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். காபியும் ஏலக்காயும் இறங்கும் ஊர் அது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் இங்கும் மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. ஏலக்காய் ஸ்டோர்களில் தரையில் குவித்த காயின் முன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சல்லடையில் விழாமல் நின்ற எட்டு மில்லிமீட்டர்க் காய் ஒரு பக்கம். நிறம் வெளுத்தது, வாய் பிளந்தது, பூச்சி துளைத்தது எல்லாம் இன்னொரு பக்கம். கண் காயில் இருக்கும், கை தானாக ஓடும், பேச்சு பக்கத்து அக்காவோடு நடக்கும். மலையாளத்தில் இந்த வேலை 'தரம்திரிக்கல்', தமிழில் 'தரம் பிரித்தல்'. பிரெஞ்சுச் சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது.

அதனால்தான் பயிற்சிக் கையேடுகளில் 'நோயாளிகளைத் தரம் பிரித்தல்' என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் மருத்துவமனைக்குள் இந்தச் சொல் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இந்தச் சொல் மருத்துவத்துக்குள் வந்த வழியிலேயே இருக்கிறது. நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர் தொமினிக் ழான் லாரே. காயம்பட்டவர்களைப் போர்முனையிலிருந்து விரைவாகத் தூக்கி வரக் குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தவர் அவர். இன்றைய ஆம்புலன்சுக்கு அது முன்னோடி. அதற்கு முன் அதிகாரிக்கு முதலில் மருந்து, சிப்பாய்க்குப் பிறகு என்பதே வழக்கமாக இருந்தது. லாரே அதை மாற்றினார். ஆபத்தான காயம் யாருக்கோ அவருக்கு முதலில், பதவியும் பட்டமும் பார்க்கக் கூடாது என்றார். 1812-இல் நெப்போலியன் ருஷ்யா மீது படையெடுத்ததைப் பற்றிய தம் நினைவுக்குறிப்பிலும் இதை எழுதி வைத்தார். 1846-இல் ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், சிறு காயங்களையும் பிழைக்க வழியில்லாத காயங்களையும் தள்ளிவைத்து, உடனே செய்தால் பலன் தரும் அறுவையை முதலில் செய்ய வேண்டும் என்றார். கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையின்போது ருஷ்ய மருத்துவர் பிரகோவ் காயம்பட்டவர்களைப் பிரித்து அனுப்ப ஓர் ஒழுங்கு செய்தார். வழக்கம் இப்படி வளர்ந்து வந்தாலும், ட்ரையாஜ் என்ற பெயர் அதன்மேல் நிலைபெற்றது முதல் உலகப் போரில், பிரெஞ்சு மருத்துவமனை முகாம்களில்தான்.

சரக்கில் மட்டமானது கடைசிக்குப் போகும். மனிதரில் மோசமாக அடிபட்டவர் முதலுக்கு வருகிறார். சொல் ஒன்றாக இருக்க, வேலை தலைகீழாகிவிட்டது. தமிழில் 'தரம்' என்பது எப்போதும் மதிப்பைக் குறிக்கும் சொல். முதல் தரம் என்றால் உயர்ந்தது, தரங்கெட்டது என்றால் இழிந்தது. தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டிலிருந்து (லயம் என்பது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) தூக்கி வரப்பட்ட அம்மாவின் கையில் மஞ்சள் அட்டை கட்டி, 'இரண்டாம் தரம்' என்று அவர் மகன் காதுபட ஒரு செவிலியர் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? பதவி பார்க்காதே என்று சொன்ன லாரேயின் வழிக்கே அந்தச் சொல் எதிரானது.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'வகைப்படுத்தல்' என்பது நூலகத்துக்கும் பொருந்தும். யார் முதலில் என்பது அதில் இல்லை. 'முன்னுரிமை' நல்ல சொல்லே, ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகம் முதல் ரேஷன் அட்டை வரை அது சலுகை என்ற பொருளில் பழகிவிட்டது. 'வடிகட்டல்' வேண்டவே வேண்டாம், யாரையோ வெளியே தள்ளுவது போல ஒலிக்கிறது. என் விருப்பம் 'சிகிச்சை வரிசை பிரித்தல்', சுருக்கமாக 'வரிசை பிரித்தல்'. பிரிப்பதும் இதில் இருக்கிறது, யார் முன் யார் பின் என்பதும் இருக்கிறது, ஆளின் மதிப்பு இதில் இல்லை. எழுத்தில் 'வரிசைப் பிரிப்பு' என்று பெயர்ச்சொல்லாக்கலாம். ட்ரையாஜ் என்றே சொல்லிப் பழகிய செவிலியர் அப்படியே சொல்லட்டும். ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் விளக்கும்போது தமிழ்ச் சொல் வேண்டும்.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். உலகெங்கும் அதிகம் சொல்லித்தரப்படும் முறை 'ஸ்டார்ட்'. 1983-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் அங்குள்ள ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. முதல் படிக்குக் கையே வேண்டாம், குரல் போதும். "எந்திரிச்சு நடக்க முடிஞ்சவுக எல்லாரும் இந்த வண்டிப் பக்கம் வாங்க" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். வந்தவர்கள் பச்சை. வராதவர்களிடம் நாம் போக வேண்டும். மூச்சு இருக்கிறதா? இல்லையென்றால் தலையைச் சற்றுச் சாய்த்து மூச்சுவழியைத் திறக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் கருப்பு, வந்துவிட்டால் சிவப்பு. தானாக மூச்சு விடுபவருக்கு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு. அடுத்தது ரத்த ஓட்டம்: நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் சிவப்பு அட்டை. கடைசியாக, "என் கையை அமுக்குங்க" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அமுக்கவில்லை என்றால் சிவப்பு, அமுக்கினால் மஞ்சள்.

இந்த நகச் சோதனை நம் மலைக்கு ஒத்துவராது. மூணாறிலோ மேகமலையிலோ மழையில் நனைந்து விறைத்த கையில் நகம் வெளுத்தே இருக்கும். இருட்டில் நிறமே தெரியாது. ஆகவே மணிக்கட்டில் நாடி பார்ப்பது என்ற திருத்தப்பட்ட முறையைத்தான் இங்கே சொல்லித்தர வேண்டும். நாடி இல்லையென்றால் சிவப்பு.

கையை அமுக்கச் சொல்லும் சோதனையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சொன்னதைக் கேட்டுச் செய்கிறாரா என்பதுதான் அந்தச் சோதனை. சொன்னதே புரியாவிட்டால்? 2011 ஜனவரி 14 அன்று, மகரஜோதி நாள் இரவில், வண்டிப்பெரியாறு அருகே புல்மேட்டில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஐயப்ப பக்தர்கள் இறந்தார்கள். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று பல ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் தெலுங்கு மட்டும் தெரிந்த ஒருவரிடம் மலையாளத்தில் கையை அமுக்கச் சொன்னால் அவர் விழித்துப் பார்ப்பார்; நினைவு தவறியவர் என்று சிவப்பு அட்டை விழும். அந்த அட்டையால் உண்மையான சிவப்பு ஒருவருக்கு வண்டி தாமதமாகும். ஆகவே எல்லையில் பணி செய்பவர் செய்கையாலும் காட்ட வேண்டும்: அவர் கைக்குள் தன் இரு விரலை வைத்து, தன் மறுகையை மூடித் திறந்து காட்டினால் போதும். நடக்க முடிந்தவர்கள் இங்கே வாருங்கள் என்பதற்கு மலையாளத்தில் "நடக்கான் பற்றுந்நவர் இங்ஙோட்டு வரூ" என்ற ஒரு வரியையும், இங்கே வாருங்கள் என்பதற்குத் தெலுங்கில் "இடு ரண்டி" என்ற இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துவைப்பது பெரிய பாரமில்லை. நிலச்சரிவு என்று நாம் சொல்வது மலையாளத்தில் 'உருள்பொட்டல்'. அந்தச் சொல் தொலைபேசியில் வந்தால் எந்த உபகரணத்தோடு கிளம்ப வேண்டும் என்பது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு உடனே தெரிய வேண்டும்.

நடப்பவர் எல்லாம் பச்சை என்ற முதல் விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் மருத்துவமனையில் பல நாள் போராடியவர்கள். கடும் தீக்காயத்தின் தன்மை அது. உடலில் பெரும்பகுதி வெந்தவர்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், சிலர் நடந்தே வருவார்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் கருகிவிடுவதால் வலிகூடக் குறைவாக இருக்கும். நடந்து வந்தாரே என்று பச்சையில் உட்காரவைத்தால் உடல் நீரை இழந்து, தொண்டை வீங்கி, நிலைமை கைமீறும். தீ விபத்தில் வெந்த பரப்பையும், முகம் வெந்ததா, மூக்கு மயிர் கருகியதா, குரல் மாறியதா என்பதையும் பார்த்தே அட்டை கட்ட வேண்டும். காட்டுத் தீ ஆண்டுதோறும் வருகிற மாவட்டத்தில் இந்த ஒன்றைப் பயிற்சியில் விடவே கூடாது.

கருப்பு அட்டைக்கு என்ன பெயர் சொல்வது? இறந்தவர், பிழைக்க வழியில்லாதவர் என்று இரு சாராருக்கும் இதே நிறத்தைக் கட்டும் இடங்கள் உண்டு. 'கைவிடப்பட்டவர்' என்று ஒரு மொழிபெயர்ப்பைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. மூச்சு இருக்கும் மனிதரை யாரும் கைவிடவில்லை. ஆள் வந்து சேர்ந்ததும், வண்டி கூடியதும், அவரை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை வலி தணிக்கவும் பக்கத்தில் ஒருவர் இருக்கவும் ஏற்பாடு வேண்டும். 'பின்பார்வைக்கு உரியவர்' என்று சொல்லலாம் என்பது என் யோசனை. இறந்தவரை இறந்தவர் என்றே சொல்லலாம்.

வரிசை பிரித்தல் ஒருமுறையோடு முடிவதில்லை என்பதும் இங்கே சேர்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்ணும் பாறையும் சரிந்து நயமக்காடு எஸ்டேட்டின் லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பு இல்லை, செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. வழியில் பெரியவரை என்ற இடத்துப் பாலமும் போயிருந்ததால் வண்டிகள் போக வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதல் பல மணி நேரம் வரிசை பிரிப்பவர் அக்கம்பக்கத்து லயத்துக்காரர்தான். செவிலியரையும் தீயணைப்பு வீரரையும் மட்டும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தால் போதாது. கங்காணிக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் இந்த நான்கு நிறம் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கட்டிய அட்டையில் நேரம் எழுதியிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மஞ்சளாக இருந்தவர் எட்டு மணிக்குச் சிவப்பாகியிருக்கலாம். வண்டியில் ஏற்றும்போது ஒருமுறை, மருத்துவமனை வாசலில் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்குத் தனி முறை உண்டு, 'ஜம்ப்ஸ்டார்ட்' என்பார்கள். குழந்தைக்கு மூச்சு நின்றிருந்தாலும் நாடி இருந்தால் உடனே கருப்பு கட்டக் கூடாது, ஐந்து முறை ஊதிப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இதயம் நிற்பதற்கு முன் மூச்சுதான் நிற்கும் என்பதே காரணம்.

இடி மின்னலில் மட்டும் வரிசை முழுவதும் தலைகீழ். தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும் கூட்டத்தின் மேல் மின்னல் தாக்கி நாலு பேர் விழுந்தால், முனகுகிறவர், அழுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அசையாமல் கிடப்பவரின் இதயம் அதிர்ச்சியில் நின்றிருக்கும். பலருக்கு அது தானாக மறுபடி துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்ப நேரமாகும், அதற்குள் யாராவது ஊதிக் கொடுக்காவிட்டால் இதயம் மீண்டும் நின்றுவிடும். அங்கே செத்தவர் போலக் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். அவரைத் தொட்டால் மின்சாரம் தாக்கும் என்ற பயம் வேண்டாம், மின்னல் பட்ட உடலில் மின்சாரம் தங்குவதில்லை. ஒருவர் நெஞ்சை அழுத்த, இன்னொருவர் வாயில் ஊத, மூன்றாமவர் 108-க்குச் சொல்லிவிட்டு மற்றவர்களை மரத்தடியிலிருந்து நகர்த்த வேண்டும்.