அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க்கில் கணினி தெரியவில்லையா? ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

நேற்று வரை ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் நெட்வொர்க் பக்கத்தில் தெரிந்த மற்றக் கணினிகளும் நாஸ் பெட்டியும் (எல்லோரும் பகிர்ந்துகொள்ள நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி), விண்டோஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் காணாமல் போகும். இணையத்தில் தேடினால் இரண்டு யோசனைகள் முதலில் வந்து நிற்கும்: ஃபயர்வாலை அணை, எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் மிகப் பழைய பதிப்பை) ஆன் செய். இரண்டுமே வேண்டாம். இரண்டும் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளையும் ஆபத்துக்குத் திறந்துவிடும். கோளாறோ பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

பட்டியலில் தெரிவது வேறு, இணைப்பு கிடைப்பது வேறு. எது போயிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். காணாமல் போன கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. ஷேரிங்கைத் தொடாமல் வைஃபையையோ கேபிளையோ கவனியுங்கள். 192.168.1.20 போல ஒழுங்கான முகவரி இருந்தால், அடுத்த கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்தாலோ பாஸ்வேர்டு கேட்டாலோ இணைப்பில் குறையில்லை, பெயர் அறிவிப்பு மட்டும் நின்றிருக்கிறது. ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் ஃபயர்வால் பிங்கையும் தடுத்துவிடும்.

அந்தப் 'பப்ளிக்'தான் அடுத்துப் பார்க்க வேண்டியது. அப்டேட்டில் நெட்வொர்க் கார்டின் டிரைவர் மாறினால், பழைய வைஃபையையே விண்டோஸ் புதிய நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் ஆக்கிவிடுவதுண்டு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸ் என்று போய் பிரைவேட் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இதை இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும். பலர் ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு மணிக்கணக்கில் அலைகிறார்கள்.

சில கணினிகளில் டிஸ்கவரியை ஆன் செய்து, பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தால் ஸ்விட்ச் மறுபடி ஆஃபிலேயே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. காரணம், அது நம்பியிருக்கும் சர்வீஸ்கள் (பின்னணியில் இயங்கும் நிரல்கள்) ஓடவில்லை. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து டிஎன்எஸ் கிளையன்ட், எஸ்எஸ்டிபி டிஸ்கவரி, யுபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசி இரண்டும்தான் முக்கியம். புரொவைடர் ஹோஸ்ட் மற்றவர்களைத் தேடுகிறது. ரிசோர்ஸ் பப்ளிகேஷன் "நான் இங்கே இருக்கிறேன்" என்று மற்றவர்களுக்கு அறிவிக்கிறது. ஆகவே மேசைக் கணினி எல்லோரையும் பார்க்கிறது, அதை மட்டும் யாரும் பார்க்க முடியவில்லை என்றால், மேசைக் கணினியில் பப்ளிகேஷன் நின்றிருக்கிறது. தெரியாத கணினியில்தான் கை வைக்க வேண்டும், தேடுகிற கணினியில் அல்ல. அங்கே ரிசோர்ஸ் பப்ளிகேஷன் சர்வீஸின் ஸ்டார்ட்அப் வகையை 'ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றிரண்டு நிமிடங்களில் பெயர் பட்டியலுக்கு வந்துவிடும். வேறு நிறுவனத்தின் ஆன்ட்டிவைரஸ் தன் ஃபயர்வாலையும் ஓட்டினால், யுடிபி 3702 என்ற போர்ட்டை (தகவல் போய்வரும் வாசலை) வீட்டு நெட்வொர்க்குக்குள் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு போவதும் வருவதும் அதன் வழியேதான்.

பழைய நாஸ் மட்டும் தெரியாவிட்டால் கதை வேறு. முன்பெல்லாம் நெட்வொர்க்கில் ஒரு கணினி எல்லோருடைய பெயரையும் திரட்டிப் பட்டியல் வைத்திருக்கும். அந்த முறை எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அதே எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியேதான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை, பழைய பட்டியலும் அதோடு போயிற்று. பட்டியலில் ஒரு பெயர் தெரிவதற்காக அந்தக் கதவைத் திரும்பத் திறப்பது பெரிய தவறு. நாஸின் ஃபர்ம்வேரை (அதற்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பித்து, குறைந்தபட்சப் பதிப்பை எஸ்எம்பி 2 ஆக்கி, தன் பெயரைப் பட்டியலுக்கு அறிவிக்கும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். அது இல்லாத மாடலானால் ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் நாஸுக்கு நிலையான முகவரி கொடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேப் நெட்வொர்க் டிரைவ் வசதியால் அந்த முகவரியையே ஒரு டிரைவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் வராது, ஆனால் வேலை நிற்காது.

விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாக (விருந்தினராக) திறந்துகொண்டிருந்த ஷேர்கள், அதாவது பகிர்ந்த ஃபோல்டர்கள், மறுக்கப்படுகின்றன. வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஒவ்வொரு எஸ்எம்பி தொடர்பும் டிஜிட்டலாகக் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது அதில் இயல்பான விதி. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை. கையொப்ப விதியைத் தளர்த்தச் சொல்லும் யோசனைகளை விட்டுவிட்டு, நாஸில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். விண்டோஸில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்த நாஸுக்கான பழைய பதிவை நீக்கிவிட்டு, புதிதாக நுழையுங்கள். பழைய பதிவு அங்கேயே இருந்தால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுக்கப்படலாம்.

இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கு இடையே பாஸ்வேர்டு கேட்கும்போது, தினமும் திரையைத் திறக்கத் தட்டும் நான்கு இலக்க 'பின்' (PIN) எண் செல்லாது. அது அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும். ஷேர் வைத்திருக்கும் கணினியிலுள்ள கணக்கின் உண்மையான பாஸ்வேர்டே வேண்டும். கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை என்றால் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது.

ஒரு கருவி கெஸ்ட் வைஃபையிலும் மற்றொன்று முதன்மை வைஃபையிலும் இருந்தால், அல்லது ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றையொன்று அணுகாமல் தடுக்கும் அமைப்பு) ஆனில் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பலிக்காது. அப்டேட்டுக்குப் பின் கணினி தானாக வேறு வைஃபையில் ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, வீட்டு நெட்வொர்க்கிலுள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அனுமதி தேவை. அப்டேட்டுக்குப் பின் வந்த கேள்விக்கு அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், அந்த ஆப்புக்கு மட்டும் பிரிண்டரோ நாஸோ தெரியாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் லோக்கல் நெட்வொர்க் என்று போய் அந்த ஆப்பின் ஸ்விட்ச்சை ஆன் செய்யுங்கள். ஏற்கெனவே ஆனில் இருந்தும் தெரியாவிட்டால், அணைத்து மறுபடி ஆன் செய்து மேக்கை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.