கூப்பன்: நறுக்கும் பங்கும்

கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டு ஸ்டோர் அறையில் பற்பசை மட்டும் இருபத்தேழு டியூப். ஷாம்பு, சோப்பு, துணித்தூள் தனி. எல்லாம் மலிவு விற்பனையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சலுகையைப் போட்டு வாங்கியது. சிலவற்றை முப்பது சென் காசுக்கு வாங்கினேன் என்று பெருமையாகச் சொல்வார். போன மாதம் அவர் கேட்டார்: “இதுல பாதிய மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் வீடில்லாம தெருவுல படுத்திருக்காங்களே, அவங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஆமா, கூப்பன், வவுச்சர் ரெண்டும் ஒன்னா? தமிழ்ல என்ன சொல்றது?”

முதலில் சொல்லைப் பார்க்கலாம்.

கூப்பன் பிரெஞ்சுக்காரர்களின் சொல். ‘கூப்பே’ என்றால் வெட்டுதல், வெட்டி எடுத்த துண்டு கூப்பன். துணிக்கடையில் வெட்டித் தரும் துண்டுத் துணிக்கும் அங்கே இதே பெயர்தான். இதற்கும் அடியில் இருப்பது ‘கூ’, அதாவது அடி, குத்து. இலத்தீன் வழியாக இன்னும் பின்னே போனால் கிரேக்க ‘கோலபோஸ்’, கன்னத்தில் விடும் அறை! ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் ஆங்கிலச் செய்தியில் ‘கூ’ என்கிறார்களே, அதே கூ. இரண்டு கதவுக் காரை ‘கூப்பே’ என்பதும் வெட்டிக் குறுக்கிய வண்டி என்ற பொருளில்தான்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது மளிகைக் கடைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரங்களில் சிறு சிறு கட்டங்களை அச்சிட்டிருப்பார்கள். வட்டி நாள் வந்ததும் ஒரு கட்டத்தைக் கத்தரித்துக் கொடுத்து வட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரச் சந்தையில் வட்டி வீதத்தை இன்றும் ‘கூப்பன் ரேட்’ என்பது அதனால்தான். கடைப்பக்கம் அதை இழுத்து வந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் அட்லாண்டா நகர வணிகர் ஏசா கேண்ட்லர். ஒரு கிளாஸ் கோக்கா கோலா இலவசம் என்று 1880-களின் கடைசியில் சீட்டு விநியோகித்தார். பிறகு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு வரும் கூப்பன் தாள்களைக் கத்தரித்துச் சேர்ப்பதே ஒரு வீட்டு வேலையாகிவிட்டது. தயாரிப்பாளர் கூப்பனோடு கடைக் கூப்பனையும் சேர்த்துக் காட்டினால் சில பொருள்களின் விலை ஏறக்குறைய சுழியமாகிவிடும். விலை சுழியம் என்றால் யார் ஒன்றோடு நிறுத்துவார்கள்? நாற்பது பற்பசை வீட்டுக்கு வரும். தேவைக்கு மேல் வந்ததை வீடற்றோர் காப்பகங்களுக்குக் கொடுக்கும் பழக்கமும் அங்கே கூடவே வளர்ந்தது.

வவுச்சர் வேறு சாதி. ‘அழை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது, சாட்சிக்கு அழைப்பது என்ற கருத்தில். ஆக, அது சாட்சிச் சீட்டு. மலாய்க்காரர்கள் ‘பௌச்சார்’ என்பார்கள். சிங்கப்பூரில் அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் வவுச்சரைத் தமிழில் ‘பற்றுச்சீட்டு’ என்கிறார்கள். இலங்கைக்காரரிடம் பற்றுச்சீட்டு என்றால் பணம் கட்டிய ரசீதை நீட்டுவார். அங்கே அந்தக் காலத்து ரேஷன் கடைக்கே பெயர் கூப்பன் கடை. ஒரே தமிழ்தான், பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

சரி, கூப்பனுக்கு? தள்ளுபடிச் சீட்டு, சலுகைச் சீட்டு, கழிவுச் சீட்டு என்று பலர் சொல்கிறார்கள். பொருள் புரிகிறது, தவறில்லை. ஆனால் வெட்டு என்ற உயிர் அவற்றில் இல்லை. என் ஓட்டு ‘நறுக்கு’ என்ற சொல்லுக்கு. பனையோலையை நறுக்கிய துண்டில் எழுதியதை ஓலை நறுக்கு என்றார்கள். பத்திரிகையில் கத்தரித்தது செய்தி நறுக்கு. நறுக்குவது என்ற வினையே பெயராகி நிற்பதால் கூப்பனுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தென்படவில்லை. புரியாதோ என்று பயந்தால் ‘நறுக்குச் சீட்டு’ எனலாம். கைப்பேசியில் வரும் எண்ணெழுத்துக் கோவையை மட்டும் ‘சலுகைக் குறியீடு’ என்று விட்டுவிடலாம். அதில் நறுக்க ஒன்றும் இல்லையே.

அக்காவின் கேள்வியில் பாதிதான் முடிந்தது. வாங்கி மிஞ்சியதை என்னவென்று சொல்வது? வாயில் முதலில் வருவது ‘மிச்சம்’. பழைய வடிவம் ‘மிச்சில்’, திருக்குறளிலேயே இருக்கிறது: “வித்தும் இடல்வேண்டும் கொல்லோ விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்.” கவனியுங்கள், இங்கே மிச்சிலை உண்பவன் வீட்டுக்காரன். விருந்தாளிக்கு முதலில் போய்விடுகிறது. நாம்தான் திசையைத் திருப்பிவிட்டோம். ‘உபரி’ என்பது சமஸ்கிருதத்தில் ‘மேலே’ என்று பொருள் தரும் சொல். பட்ஜெட்டுக்கு நல்லது, சோப்புக்கட்டிக்கு ஒட்டவில்லை.

மிச்சம் என்ற சொல் கொடுக்கும் கையையும் கெடுக்கும். எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் வீடற்றவர்களுக்கு உதவும் ஒரு குழுவோடு இரவில் நகரின் புடு பக்கம் போனேன். விற்பனையில் அள்ளிய மேகி மீ (நூடல்ஸ்) முப்பது பாக்கெட் என் பையில். அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், அட்டை விரித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, சுடுதண்ணிக்கு நான் எங்க போவேன்?” அடுப்பில்லாதவருக்கு மீ, பூட்டி வைக்க இடமில்லாதவருக்கு ஒரு லிட்டர் ஷாம்பு. என் வீட்டில் மிஞ்சியதைத்தான் பார்த்தேனே தவிர, அவருக்கு எது குறைகிறது என்று பார்க்கவில்லை. அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: சிறிய பற்பசை, சிலிப்பர், உள்ளாடை, பெண்களுக்கு நாப்கின், பிஸ்கட், கொசுவிரட்டி.

தெருவில் படுப்பவர்களை என்ன சொல்வது என்பதும் சிக்கல்தான். மலாயில் ‘கெலண்டாங்கான்’, அலைபவர் என்ற பொருள். ஆதரவற்றோர் பற்றிய 1977-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின் பெயர் ‘ஓராங் பாப்பா’ சட்டம், ஏதுமற்ற ஆள் என்ற பொருள். அந்தப் பாப்பா சமஸ்கிருத ‘பாப’தான், நம்முடைய பாவத்தின் உடன்பிறப்பு. நாமும் ஒரே சொல்லால் குற்றத்தையும் இரக்கத்தையும் சொல்கிறோமே, “ஐயோ பாவம்” என்று! எனக்கு ‘வீடற்றவர்’ போதும். என்ன இல்லை என்பதை மட்டும் சொல்கிறது, ஆளை எடைபோடவில்லை.

கோலாலம்பூரில் இப்படிக் கொடுப்பதே ஒரு காலத்தில் தகராறானது. 2014 ஜூலையில், நகர மையத்தின் 2 கிலோமீட்டர் சுற்றுக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவிக்க, எதிர்ப்பு கிளம்பியது. 2020-இல் உணவுக் கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. கைவிட்டுப் போகும்போது உணவு பாதுகாப்பாக இருந்தால், பிறகு நேரும் கேட்டுக்குக் கொடுத்தவர் சிவில் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை. காலாவதியானதைத் தள்ளிவிட அது அனுமதிச் சீட்டு அல்ல.

மிச்சம் வேண்டாமென்றால் எதைச் சொல்வது? ‘பங்கு’. பகு என்றால் பிரி, பிள. பகுதியும் பகிர்தலும் பங்கும் ஒரே குடும்பம். கூப்பனைப் போலவே இதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. மிச்சம் கடைசியில் கிடப்பது, பங்கு முதலிலேயே எடுத்து வைப்பது. பத்து வாங்கும்போதே இரண்டு அவருடையது.

அக்காவிடம் இவ்வளவையும் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டார். “சரி தம்பி, அந்தப் பங்குல சோப்பு எத்தனை போடட்டும்?”

ஒன்று போதும் அக்கா, நனையாத பையில் போடுங்கள் என்றேன்.