கறுப்பு டேப் சுற்றிய கம்பி

சில வருடங்களுக்கு முன் ஒரு 110 கே.வி. துணைமின் நிலையத்துக்கு ரிலே (மின்சாரத்தைக் கவனித்து, ஆபத்து வந்தால் லைனைத் துண்டிக்க உத்தரவு தரும் கருவி) சோதிக்கப் போயிருந்தேன். வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியர் வாங்கி, டெஸ்ட் கிட்டை மாட்டி, அது தரும் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை (நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். 49.2 ஹெர்ட்ஸ் வந்ததும் ரிலேயில் சிவப்பு விளக்கு எரிந்தது. லைனைத் துண்டிக்கும் ஸ்விட்சான பிரேக்கர் மட்டும் அசையவில்லை. பேனலின் பின்கதவைத் திறந்து பார்த்தால், ரிலேயின் உத்தரவைப் பிரேக்கருக்குக் கொண்டுபோகும் டிரிப் கம்பியைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது. நேற்று செய்த வேலை இல்லை.

"இந்த ஃபீடர்ல ஆஸ்பத்திரி இருக்கு சார். கரண்ட் போனா போன் மேல போன் வரும்" என்றார் ஆபரேட்டர். (ஃபீடர் என்றால் ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்.) அவர் சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் அந்தக் கம்பி எதற்கு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நம் நாட்டில் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ். 49.90 முதல் 50.05 வரைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் இழுக்கும் மின்சாரமும் நிலையங்கள் தரும் மின்சாரமும் சமமாக இருந்தால் இது நிலையாக நிற்கும். ஒரு பெரிய ஜெனரேட்டர் யூனிட் திடீரென்று நின்றுவிட்டால், மீதி ஜெனரேட்டர்கள் டபுள்ஸ் வைத்துக்கொண்டு பாலம் ஏறும் சைக்கிள் மாதிரி திணறி வேகம் குறையும். அதோடு ஃப்ரீக்வென்சியும் இறங்கும்.

இங்கேதான் ஆபத்து. பல அனல்மின் நிலையங்களுக்குள் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பும் இதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஃப்ரீக்வென்சி இறங்கினால் பம்ப் மெதுவாகும், உற்பத்தி இன்னும் குறையும், ஃப்ரீக்வென்சி இன்னும் இறங்கும். 47.5-ஐ நெருங்கினால் டர்பைன் பிளேடுகளைக் காப்பாற்ற நிலையங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். அப்புறம் மொத்தமும் இருட்டுதான். மனிதர் போன் எடுத்துப் பேசி இதைத் தடுக்க நேரம் கிடையாது, எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால்தான் 49.4-இல் தொடங்கி 48.8 வரை நான்கு படிகளாக, சில ஃபீடர்களைத் தானாக வெட்டும் ரிலேக்களை வைத்திருக்கிறோம்.

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. மத்தியப் பிரதேசத்தின் பீனா - குவாலியர் 400 கே.வி. லைன் டிரிப் ஆனது. அடுத்தடுத்து மற்ற லைன்களும் விழ, வட மண்டலம் தனித்துப் போய், வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சுமார் 5,800 மெகாவாட் நின்றுபோனது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ரிலேக்கள் மூலம் சுமார் 10,000 மெகாவாட் லோடை வெட்ட ஏற்பாடு இருந்தது. ஆனால் போதுமான அளவு வெட்டப்படவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. மறுநாள் பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று மண்டலங்களும் சேர்ந்து விழுந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் மாட்டிக்கொண்டார்கள்.

தெற்கு அன்று தப்பியது. வடக்கோடு ஒரே ஃப்ரீக்வென்சியில் நாம் அப்போது இணையவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் மூலம் இணைந்தோம். அது நல்லதுதான், பற்றாக்குறை நேரத்தில் கை கொடுக்கிறது. ஆனால் குஜராத்தில் ஒரு யூனிட் நின்றாலும் அடுத்த நொடிகளில் நம் ஊர் மீட்டரிலும் முள் அசைகிறது. டேப் சுற்றிய ஒவ்வொரு கம்பியும் இப்போது எல்லோருடைய பிரச்சினை.

சரி, வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்? திடீரென்று கரண்ட் போனால் ஏ.சி., மோட்டார், கீசர் ஸ்விட்சுகளை அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லாம் ஒன்றாக இழுத்தால் ஃபீடர் மறுபடி விழும். "எங்கள் தெருவை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று ஆள் பிடிக்காதீர்கள். ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் ஜெனரேட்டரை வாரம் ஒருமுறையாவது லோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

அந்த ஃபீடர் விஷயத்தில் மின் ஓட்டத்தைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் லோட் டெஸ்பாட்ச் சென்டருக்குக் கடிதம் போனது. ஆஸ்பத்திரி இல்லாத, அதே அளவு லோடு உள்ள வேறொரு ஃபீடரை ரிலேயில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் டெஸ்ட் கிட்டை மாட்டினேன். 49.2-இல் 'டம்' என்று பிரேக்கர் விழுந்தது. ஆபரேட்டர் வந்து நேரத்தை லாக் புக்கில் எழுதிக்கொண்டார்.