கீமோதெரபிக்குப் பின் வரும் பத்தாம் நாள்

கூடப் பிறந்தவருக்குக் கீமோதெரபி நடக்கும்போது, மருந்து ஏறிய நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் வீடே அவரைச் சுற்றி நிற்கும். குமட்டலும் வாந்தியும் சோர்வும் கண்ணுக்குத் தெரிவதால் கவனிப்பும் தானாக வந்துவிடுகிறது. ஒரு வாரம் கழிந்து, அவர் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்கத் தொடங்கியதும் உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நோயாளியின் நோய் எதிர்ப்பாற்றல் அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அண்ணனோ தங்கையோ விடுப்பு எடுப்பதானால் அந்த நாட்களுக்கு எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்லையும் நல்ல செல்லையும் அவற்றால் முழுமையாகப் பிரித்தறிய முடியாததால் முடியின் வேர்க்கால்கள், வாய் மற்றும் குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அடிபடுகின்றன. இவற்றில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது மஜ்ஜையின் பாதிப்பு. பாக்டீரியாக்களை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களை மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி என்ற கணக்கில் உருவாக்குகிறது. சிவப்பணு சுமார் 120 நாட்களும் தட்டணு எட்டு முதல் பத்து நாட்களும் ரத்தத்தில் தாங்கும். நியூட்ரோபிலோ ஒரு நாள் தாங்கினாலே அதிகம். ஆகவே உற்பத்தி நின்றால் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

அப்படியானால் மறுநாளே ஏன் குறைவதில்லை? ஏற்கெனவே முதிர்ந்து, இனிப் பெருகத் தேவையில்லாத நிலையில் மஜ்ஜைக்குள் காத்திருக்கும் அணுக்களை மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை. மோட்டார் நின்ற பிறகும் மேல்நிலைத் தொட்டியிலுள்ள நீர் குழாயில் வந்துகொண்டிருப்பதைப் போல, அந்தக் கையிருப்பு சில நாட்களுக்கு ஈடுகொடுக்கிறது. அது தீர்ந்த பின், பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள், 'கவுண்ட்', அதாவது ரத்தத்தில் இந்த அணுக்களின் எண்ணிக்கை, மிகக் கீழே போகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் 500-க்கும் குறைந்தால் அது கடுமையான குறைபாடு. பிறகு மஜ்ஜை மெல்ல மீள்கிறது. பல சிகிச்சைகளில் 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்று வைத்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த இடைவெளியில் கிருமி நுழைந்தால் வழக்கமான அடையாளங்கள் தெரியாமல் போகலாம். சீழ் என்பதே பெருமளவு இறந்த நியூட்ரோபில்கள்தாம். அவை இல்லாதபோது புண்ணில் சீழும் இராது, வீக்கமும் குறைவாகவே இருக்கும். காய்ச்சல் ஒன்றே மிஞ்சும் அறிகுறியாக இருக்கலாம். வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அது வரக்கூடும், ஏனெனில் புண்ணான குடல் படலத்தின் வழியே நோயாளியின் சொந்தக் குடல் பாக்டீரியாக்களே ரத்தத்தில் கலக்கின்றன. அதற்காகக் கவனிப்பவர் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் சிகிச்சைக் குழுவை அழைக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது. அந்த மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியை ஒன்றும் செய்யாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, கீமோ போட்டு இது எத்தனையாவது நாள் என்பதைத்தான். நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் செலுத்த மருத்துவர்கள் முயல்வார்கள்.

மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் போன்ற ஊசிகளும் உண்டு. கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே அவற்றைப் போடுவார்கள்; முன்னதாகப் போட்டால், தூண்டப்பட்டுப் பெருகத் தொடங்கும் புதிய செல்களும் மருந்துக்கு இரையாகிவிடும். ஊசிக்குப் பின் இடுப்பிலும் முதுகிலும் எலும்பே வலிப்பதாக அவர் சொன்னால் அது கற்பனையல்ல, மஜ்ஜை மும்முரமாக இயங்குவதோடு தொடர்புடைய வலிதான்.

ரத்தம் தேவை என்றதும் "என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உடன்பிறந்தவர் கைநீட்டுவது இயல்பு. ஆனால் இங்கே நெருங்கிய உறவே சிக்கலாகக்கூடும். இருவரின் திசு அடையாளங்கள் பெரிதும் ஒத்திருந்தால், கொடுத்த ரத்தத்திலுள்ள லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களைப் பெறுபவரின் உடல் அந்நியமாகக் கருதி அழிக்காமல் விட்டுவிடலாம். அவையோ அவருடைய தோல், கல்லீரல், குடல், மஜ்ஜை ஆகியவற்றை அந்நியமாகக் கண்டு தாக்கக்கூடும். இது மிக அரிது, ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. அதனால் நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்ற வேண்டி வந்தால், முன்னதாகக் கதிர்வீச்சு செலுத்தி அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். பின்னாளில் மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. உடன்பிறந்தவரின் திசு முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அவருடைய ரத்தத்தை முன்பே ஏற்றியிருந்தால் அதற்கெதிராக உடல் விழித்துக்கொண்டு, பிறகு வரும் மஜ்ஜையை நிராகரிக்கும் அபாயம் கூடும். ரத்த வங்கியின் பொது இருப்புக்குத் தன் ரத்தத்தைத் தருவதில் இந்தத் தடைகள் எதுவும் இல்லை.